மற்றவர்களுக்காக நான் எழுதிய ‘ஐ’

கடல் வற்றும் நேரத்துச் சேற்றுக்கு ஒரு வாடை உண்டு. உப்பும் அழுகிய இலையும் நண்டு வளையும் கலந்த வாடை. நான் இப்போது குடியிருக்கும் புஞ்சாக் ஆலாமில் அது வராது. அங்கே எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லா வாடையும் ஒரே மாதிரி. மீன் வாங்கக் குவாலா சிலாங்கூர் போகும் காலைகளில்தான் அது என்னைப் பிடிக்கிறது. போன வாரமும் பிடித்தது. மீன் பையோடு படகுத்துறையில் நின்றேன். ஆறு தன் வயிற்றைக் காட்டிக்கொண்டு பின்வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் இளைஞர் கைப்பேசியில் தம் முதலாளிக்குக் குரல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

“பாஸ், ஐ வாண்டட் டு கம், பட் ஐ ஹேட் டு டேக் மை மதர் டு த கிளினிக்.”

வரத்தான் விரும்பினாராம், ஆனால் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டியதாகிவிட்டதாம். சொல்லிவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். இன்னொரு கையில் தூண்டில் இருந்தது.

எனக்குக் கண் கலங்கியது. சோகத்தால் அல்ல. என் தொழில் இன்னும் சாகவில்லை என்ற பெருமிதத்தால்.

தோட்ட அலுவலகங்களிலும் எண்ணெய் ஆலை அலுவலகங்களிலும் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இந்த வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக இருந்தவன். பிறகு பெரிய கிராணி. பேரேடு, சம்பளப் பட்டியல், பழ எடை எல்லாம் உங்களுக்குக் கணினி சொல்லித்தரும், அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது விளக்கக் கடிதம் பற்றி.

ஒரு தொழிலாளி வேலைக்கு வரவில்லை, அல்லது வந்து ஏதோ கெட்டுப்போனது என்றால், ‘உன் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது’ என்று தலைமையகத்திலிருந்து ஒரு தாள் வரும். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அதற்குப் பெயர் ஷோகாஸ். பதில் ஆங்கிலத்தில் போக வேண்டும். தோட்டத்தில் ஆங்கிலம் எழுதுகிறவன் நான் ஒருவன். ஆகவே தோட்டத்துப் பாவமெல்லாம் என் பேனா வழியாகவே கடல் சேர்ந்தது. எனக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது. என் மோட்டார் சைக்கிள் சக்கரம் எல்லாத் திங்கட்கிழமையும் பஞ்சராகியிருக்கிறது. எழுதிய ‘ஐ’ எல்லாம் மற்றவர்களுடையது. இரவல் ‘நான்’களை உடுத்தி உடுத்தி, மாலையில் வீட்டுக்குப் போகும்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

இதற்கு எனக்கு முன்னால் இருந்த பெரிய கிராணி கடிதக் கோப்பு ஒன்றை விட்டுப் போயிருந்தார். பெயர் வேண்டாம். அதில் கடிதங்கள் பல, வாக்கியம் ஒன்றே ஒன்று. அதன் அமைப்பைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ‘ஐ’. அடுத்து மனசு: வாண்டட், மென்ட், ட்ரைட். விரும்பினேன், எண்ணியிருந்தேன், முயன்றேன். மனசுக்குப் பின்னால் ‘டு’ என்ற கொக்கி. டிராக்டரில் டிரெய்லரை மாட்டுவதுபோல அந்தக் கொக்கியில் செய்ய வேண்டியிருந்த வேலையை மாட்ட வேண்டும். பிறகு ‘பட்’. பிறகு மறுபடியும் ஒரு ‘ஐ’, மறுபடியும் ஒரு டிராக்டர், மறுபடியும் ஒரு டிரெய்லர். இந்த இரண்டாவது வண்டியில்தான் நடந்தது போகும். முதல் வண்டியில் போவது நடந்திருக்கக் கூடியது மட்டும். ரொம்ப அழகான சரக்கு, எடை கிடையாது.

தமிழில் நாம் இவ்வளவு பாடுபடுவதில்லை. “வரணும்னுதான் இருந்தேன்…” என்று இழுத்து நிறுத்தினால் போதும். மீதியைக் கேட்கிறவரே நிரப்பிக்கொண்டு, “சரி சரி, பரவால்ல லா” என்றும் சொல்லிவிடுவார். நம்முடைய ‘நான்’ வினைச்சொல்லின் வாலுக்குள் பதுங்கிக்கொள்ளும் கூச்சக்காரன். ஆங்கிலத்தில் பதுங்க இடமில்லை. வாசலில் ஒரு ‘ஐ’, ‘பட்’டைத் தாண்டியதும் இன்னொரு ‘ஐ’. கேட்டுக்கு இரண்டு பக்கமும் தொப்பி போட்டு நிற்கும் காவல்கார ஜாகாக்கள் மாதிரி விறைப்பாக நிற்கும்.

இதில் வினையைத் தேர்ந்தெடுப்பதுதான் கிராணியின் கலை. ‘விரும்பினேன்’ என்பதற்குச் சாட்சி கேட்க முடியாது. யார் போய் நெஞ்சைப் பிளந்து பார்ப்பது? ‘முயன்றேன்’ கொஞ்சம் ஆபத்து. எத்தனை மணிக்கு, யாருக்கு ஃபோன் அடித்தாய் என்று கேட்பார்கள். ‘பட்’டுக்குப் பின்னால் ‘ஃபர்காட் டு’ போட்டால், மறந்துவிட்டேன் என்று குற்றத்தைத் தலையில் ஏற்றுக்கொள்கிறாய். மேலிடத்துக்கு மனம் குளிரும். ‘ஹேட் டு’ போட்டால் வேறு. செய்ய வேண்டியதாகிவிட்டது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியிருக்கிறார்கள். அது யார் கை என்று படிக்கிறவர் கேட்பார்.

மாமா செத்துப்போனால் அந்தக் கை எமனுடையது. எமனுக்கு ஷோகாஸ் அனுப்ப முடியாது. அதனால் மாமாக்களை நான் தாராளமாகப் பயன்படுத்தினேன். பழம் வெட்டும் ஒருவருக்காக, ‘வேலைக்கு வர விரும்பினேன், ஆனால் மாமாவின் இறுதிச் சடங்குக்குப் போக வேண்டியதாகிவிட்டது’ என்று எழுதினேன். அப்போதுதான் வந்திருந்த நிர்வாகி ரொம்ப நல்ல மனுஷர். நேராக ஒரு மலர்வளையம் வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டார். கதவைத் திறந்தது மாமா. வளையத்தை இரண்டு கையாலும் வாங்கி, “எனக்கா? எதுக்குங்க இதெல்லாம்? உள்ளாற வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றாராம். நிர்வாகி மைலோ குடித்துவிட்டுத்தான் வந்தார். அதன் பிறகு நான் மாமாக்களைக் கொல்வதில்லை. பஞ்சருக்கு மாறினேன்.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா, இப்போது நான் தலை குனிந்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் கடலுக்குப் பக்கம். ஆற்று வாய்க்கும் எங்கள் வாய்க்கால்களுக்கும் நடுவில் இரும்புத் தண்ணீர்க்கதவு ஒன்று. கடல் வற்றும்போது திறந்து மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும். கடல் ஏறுவதற்குள் சக்கரத்தைச் சுற்றி மூடிவிட வேண்டும். மறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். முதலில் அகப்படுவது தாழ்வாக இருக்கும் நாற்றங்கால். கன்றுகள் இரண்டே வாரத்தில் துருப்பிடித்த ஆணி மாதிரி ஆகிவிடும்.

அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டவர் மகேஸ்வரி. கணவர் பார்த்த வேலை. அவர் போன பிறகு இவர் கைக்கு வந்தது. கடல் ஏறி வற்றும் நேர அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார். பார்ப்பதில்லை, காற்றிலேயே தெரியும் என்பார். வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். மூத்த மகளுக்கு அந்த ஆண்டு எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதிப் பரீட்சை.

ஒரு நாள் பிற்பகல் தலைமையகத்திலிருந்து பெரியவர்கள் சிலர் வந்தார்கள். அவர்களை வரவேற்கச் சேலை கட்டிய மூன்று பெண்கள் வேண்டும் என்பது எங்கள் உதவி நிர்வாகியின் கனவு. நம்ம ஆள்தான், படித்த இளைஞர். தோட்டத்தில் எல்லாரும் அவரைக் கிண்டலாகச் சின்ன துரை என்பார்கள், அவர் அதைப் பட்டமென்றே எடுத்துக்கொண்டார். இரண்டு பெண்கள் கிடைத்தார்கள். மூன்றாவது ஆள் குறைந்தது. சைக்கிளில் கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்த மகேஸ்வரியை நிறுத்தினார். நான் பக்கத்தில் கோப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இப்பத் தண்ணி ஏறுற நேரம் சார். மூடிட்டு வந்துடுறேன்.”

“கதவு எங்கயும் ஓடிடாது லா. போய் சேலையக் கட்டிக்கிட்டு வாங்க. மண்டோர்கிட்டச் சொல்லிக்கிறேன்.”

அவர் கங்காணி வேலை பார்க்கும் மண்டோரிடம் சொல்லவில்லை. மகேஸ்வரி சேலை கட்டி வந்தார். தூறல் விழுந்தது. பன்னீர்ச் செம்பை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, வந்தவர்களில் மூத்த அதிகாரி ஒருவருக்குக் குடை பிடித்தார். அதிகாரி நாற்றங்காலின் எதிர்காலத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவர் பேசி முடிப்பதற்குள் கடல் நாற்றங்காலுக்குள் வந்துவிட்டது.

கன்றுகள் கருகின. ஷோகாஸ் வந்தது, மகேஸ்வரி பெயருக்கு.

சின்ன துரை என் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். “கிராணியாரே, வழக்கமா எழுதுற மாதிரி நைசா ஒண்ணு எழுதிடுங்க. சாரி கேட்டுட்டா மேல விட்டுடுவாங்க. பெரிசாக்காதீங்க.”

எனக்கு முன்னால் இரண்டு வினைகள் இருந்தன. ‘ஹேட் டு’ எழுதினால் அந்தக் கை யாருடையது என்று கேட்பார்கள். அந்தக் கை அப்போது என் மேசை மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ‘கதவை மூடத்தான் எண்ணியிருந்தேன், ஆனால் மூட மறந்துவிட்டேன்’ என்று எழுதினேன். நல்ல ஆங்கிலம். ஒரு பிழை கிடையாது. மகேஸ்வரியைக் கூப்பிட்டேன்.

“சூராட்டுல என்னா எழுதியிருக்கீங்க கிராணியாரே?”

“கடிதத்துல எல்லாம் நல்லபடியாத்தாம்மா இருக்கு. கையெழுத்தப் போடு.”

போட்டார். என் கடிதங்களின் மேல் அவ்வளவு நம்பிக்கை தோட்டத்தில்.

இந்தத் தடவை மேலிடம் விடவில்லை. கருகிய கன்றுகளுக்கு ஒரு தலை வேண்டும். விசாரணை வைத்தார்கள். நடத்த வந்தவர், தூறலில் குடைக்குக் கீழே நின்ற அதே அதிகாரி. அவருக்குக் குடை நினைவிருந்தது, பிடித்த முகம் நினைவில்லை. நீண்ட மேசை, குளிர்பதனி, குறிப்பு எழுத ஒரு பெண். ஒரு பக்கம் நிர்வாகத்தின் சார்பில் சின்ன துரை. எதிரே மகேஸ்வரி. அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க நான். கதவோரம் சாட்சிகளுக்காக ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. காலியாக இருந்தது.

அதிகாரி கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். இது அவருடையதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“கையெழுத்து என்னோடது. உள்ளாற என்னா இருக்குன்னு மொதல்ல படிங்க, அப்பறம் சொல்றேன்.”

என் ஆங்கிலத்தை நானே தமிழாக்க வேண்டிய நாள் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். “கதவ மூடணும்னுதான் இருந்தேன். ஆனா மறந்துட்டேன்.”

மகேஸ்வரி என்னையே பார்த்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“நானா மறந்தேன்? தண்ணி ஏறுதுன்னு சொன்னேன்ல? நீங்களும்தான அங்க நின்னீங்க, ஃபைலக் கட்டிப் புடிச்சிக்கிட்டு?”

“வாட் இஸ் ஷீ சேயிங்?” என்றார் அதிகாரி.

தம்பி தங்கைகளே, நெருக்கடி என்றால் ஆலையில் கொதிகலன் வெடிப்பது, ஆற்றில் லோரி விழுவது என்று நினைப்பீர்கள். எனக்கு அது இந்த நான்கு சொல் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் இருந்த நொடி. ‘மிகவும் வருந்துகிறேன் என்கிறார்’ என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும்: விசாரணை, வேலை, வீடு. சின்ன துரை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் என்னையறியாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்: “நான்தான் எழுதினேன். எனக்கு உண்மை தெரியும்.”

குறிப்பெழுதும் பெண்ணின் விரல் நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்த ‘ஐ’ யாருடையது? இந்தப் பெண்ணுடையதா, உங்களுடையதா? மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே சொந்த ‘ஐ’ கிடையாது, மிஸ்டர். இருந்தால் போய் அந்த நாற்காலியில் உட்காருங்கள்.”

சிவப்பு நாற்காலிக்கு ஐந்து அடி தூரம். அத்தனை ஆண்டுச் சேவையில் அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை. போய் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் முனகியது.

இப்போது ஒரு சிக்கல் முளைத்தது. மகேஸ்வரி சொல்வதை இனி யார் ஆங்கிலத்தில் சொல்வது? அறையைச் சுற்றி வந்த அதிகாரியின் பார்வை கடைசியில் சின்ன துரையிடம் நின்றது. “உங்களுக்குத் தமிழ் தெரியும் அல்லவா? நீங்கள் சொல்லுங்கள். தன்மையில், ‘நான்’ என்றே, அவர் பேசுவது போலவே. கூட்டாமல் குறைக்காமல்.”

இதைவிட நியாயமான ஏற்பாட்டை எந்தச் சட்டமும் செய்ததில்லை. குற்றத்தின் சொந்தக்காரர் குற்றம் சாட்டப்பட்டவரின் வாயாக நியமிக்கப்பட்டார்.

மகேஸ்வரி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல, வாய்க்கு ஏற்ற அளவாகப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார்.

“நான் கதவ மூடத்தான் போய்க்கிட்டு இருந்தேன்.”

“ஐ வாண்டட் டு க்ளோஸ் த கேட்,” என்றார் சின்ன துரை.

“ஆனா சேலை கட்டிக்கிட்டுக் குடை புடிக்கப் போக வேண்டியதாப் போச்சு.”

“பட் ஐ… பட் ஐ ஃபர்காட்…”

“சார்,” என்றேன் நாற்காலியிலிருந்து. “அவர் அப்படிச் சொல்லவில்லை.”

“கூட்டாமல் குறைக்காமல்,” என்றார் அதிகாரி.

“பட் ஐ ஹேட் டு கோ அண்ட் ஹோல்ட் த அம்ப்ரெல்லா.”

அதிகாரி நிமிர்ந்தார். குடை என்ற சொல் அவர் மேல் ஒரு துளி மாதிரி விழுந்தது தெரிந்தது. “யாருக்குக் குடை? யார் போகச் சொன்னது?” என்று கேட்டார்.

சின்ன துரை கேள்வியைத் தமிழில் கேட்கவே இல்லை. மகேஸ்வரிக்கு அது தேவைப்படவும் இல்லை. முதலில் அதிகாரியை நோக்கி விரலை நீட்டினார். பிறகு சின்ன துரையை நோக்கி. விரலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பிறகு என்னைக் கேட்டார்கள். பார்த்ததை எல்லாம் சொன்னேன். ஏன் முதலிலேயே எழுதவில்லை என்றார்கள். “ஐ வாண்டட் டு ரைட் த ட்ரூத், பட் ஐ வாஸ் அஃப்ரெய்ட் டு,” என்றேன். உண்மையை எழுத விரும்பினேன், ஆனால் எழுதப் பயந்தேன். எத்தனையோ பேருக்காக ஆயிரம் தடவை எழுதிய வாக்கியம், சொந்த வாயில் அன்று மீன் முள் மாதிரி இருந்தது.

இரண்டு வாரத்தில் விசாரணை அறிக்கை வந்தது. அதில் எழுதியிருந்ததை வரிக்கு வரி தருகிறேன் என்று நினைக்காதீர்கள், சாரம் இதுதான்: ‘சம்பவத்துக்குக் காரணமானவரை அடையாளம் காண நாங்கள் முயன்றோம், ஆனால் உறுதியாக முடிவுசெய்ய எங்களால் இயலவில்லை.’ படித்ததும் எழுந்து நின்று வணக்கம் போடத் தோன்றியது. ‘ஐ’ இருந்த இடத்தில் ‘வீ’. கூட்டமாகச் சேர்ந்தால் மறதிக்குக்கூட வேலையில்லை, இயலாமை போதும். மகேஸ்வரி வேலையிலும் வீட்டிலும் இருந்தார். சின்ன துரை தலைமையகத்துக்குப் பதவி உயர்ந்து போனார். என்னை ‘நிர்வாக வசதிக்காக’ சுங்கை பஞ்சாங் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே சுற்றிலும் நெல். ஷோகாஸ் அனுப்ப ஆளே இல்லை. சில ஆண்டுகள் கொக்குகளை எண்ணிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

இப்போது உங்கள் கைப்பேசி மூன்று விநாடியில் விளக்கக் கடிதம் எழுதித் தருகிறதாம். பார்த்தேன். அதுவும் விரும்புகிறது, அதுவும் வருந்துகிறது, என்னைவிடப் பணிவாக. எனக்குப் பொறாமைதான்.

மாற்றல் நாளன்று சாமான்களை வேனில் ஏற்றிவிட்டுத் தண்ணீர்க்கதவுக்குப் போனேன். நன்றி சொல்வார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன், அதை மறைப்பானேன்? மகேஸ்வரி சக்கரத்தின் பல்லுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். கையெல்லாம் கறுப்பு. வாய்க்கால் கடலை நோக்கி வடிந்துகொண்டிருந்தது.

“கெளம்பிட்டீங்களா கிராணியாரே?”

“கெளம்பிட்டேம்மா. மக பரீட்சை எப்படி?”

“நல்லா எழுதியிருக்கா. இங்கிலீசுதான் கஷ்டமா இருந்துச்சுன்னா.”

“என்கிட்ட அனுப்பியிருந்தா நான் சொல்லிக் குடுத்திருப்பேனே.”

“அதுக்குத்தான் அனுப்பல,” என்று சிரித்தார். பிறகு சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். “உங்க மேல கோவமில்ல. அன்னிக்கு அந்த நாக்காலிக்கு எந்திரிச்சுப் போனீங்க, அத மறக்க மாட்டேன். ஆனா அந்த சூராட்டு எழுதுனப்ப, என்னா நடந்துச்சுன்னு என்னைய ஒரு வார்த்த கேக்கலயே நீங்க.”

வேன்காரர் ஹார்ன் அடித்தார். மகேஸ்வரி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“போய்ட்டு வாங்க. புதுசா வர்ற கிராணிகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எழுதுறதுக்கு முன்னாடி இங்க வந்து என்னையக் கேக்கச் சொல்லுங்க. தண்ணி வத்துற நேரமா வந்தா, உக்காந்து பேசலாம்.”